'யில்' விடுபட்ட விண்ணப்பம்

புகார்க் கடிதம் ஒன்றுக்கு எப்படிப் பதில் போகிறது என்பதை முதலில் சொல்லிவிட்டால் மற்றதெல்லாம் தானாக விளங்கிவிடும்.

ஊரிலுள்ள ஒவ்வொரு வீட்டுச் சுவரிலும் ஒரு மின்மீட்டர் ஓடுகிறது அல்லவா, அந்த மீட்டர்களின் நிறுவனத்துக்குப் பதினோரு மாடிக் கட்டடம். ஆறாம் மாடியில் பதில் பிரிவு. ஒருவர் முதல் தடவை புகார் எழுதினால், 'தங்கள் கடிதம் கிடைக்கப்பெற்றது' என்று முதல் பதில் போகும். விடாமல் மறுபடி எழுதினால், 'தங்கள் கோரிக்கை பரிசீலனையில் உள்ளது' என்று இரண்டாம் பதில். மூன்றாம் தடவையும் எழுதினால், 'இப்பொருள் குறித்துத் தங்களுக்கு ஏற்கெனவே இருமுறை பதில் அனுப்பப்பட்டுள்ளது' என்று மூன்றாம் பதில். நான்காம் பதில் கிடையாது. இதுவரை அதற்குத் தேவை வந்ததில்லை.

இதில் பொய் ஒன்றும் இல்லை. லிப்ட்டுக்குப் பக்கத்தில் ஒரு பச்சை நிற இரும்பு பீரோ உண்டு. அதன் நெற்றியில் 'பரிசீலனை' என்று வெள்ளைப் பெயின்ட்டில் எழுதியிருக்கும். இரண்டாம் புகார்கள் எல்லாம் அதற்குள் வைக்கப்படும். ஆகவே கோரிக்கை பரிசீலனையில்தான் உள்ளது. நிறுவனம் வார்த்தை தவறாது.

இந்த மூன்று பதில்களையும் பத்தொன்பது வருடமாக அனுப்பிவந்த பதிலெழுத்தருக்கு வயது நாற்பத்தொன்று. 'கிடைக்கப்பெற்றார்' என்பது ஆபீசில் அவருக்கு வைத்த பெயர். இரண்டாம் பதிலின் வாசகம் அவருடைய சொந்தச் சரக்கு. அவர் சேர்வதற்கு முன் அது 'பரிசீலிக்கப்படும்' என்றிருந்தது. "'படும்'னா எப்பன்னு கேப்பாங்க சார். 'உள்ளது'ன்னா என்னத்தைக் கேக்க முடியும்?" என்று சேர்ந்த புதிதில் அவர் சொன்னபோது மேலாளர் நாற்காலியிலிருந்து எழுந்து கைகொடுத்தார். அந்தக் கைகுலுக்கலுக்குப் பிறகு பத்தொன்பது வருடம் அவருக்கு எதுவும் நடக்கவில்லை.

பிறகு ஒருநாள் லிப்ட் நின்றுபோனது. நான்காம் மாடிக்கும் ஐந்தாம் மாடிக்கும் நடுவில் நாற்பது நிமிடம் அவர் தன்னந்தனியாக நின்றார். மேலே மோட்டார் அறையிலிருந்து லிப்ட் மெக்கானிக்கின் குரல் வந்தது: "அண்ணே, பயப்படாதீங்க. கயிறே அறுந்தாலும் கீழ ஒரு தாடை இருக்கு, தண்டவாளத்தைக் கவ்விக்கும்." அவர் பயப்படவில்லை. "எப்படிக் கவ்வும்?" என்று கேட்டார். மெக்கானிக்கிடம் அதுவரை யாரும் அப்படிக் கேட்டதில்லை. வெளியே எடுத்ததும் அந்தப் பையன், அவரைவிடப் பத்து வயது சின்னவன், மொட்டைமாடிக்கே கூட்டிக்கொண்டு போய்க் காட்டினான். கூண்டின் கனமும் பாதி ஆட்களின் கனமும் சேர்ந்த எதிரெடை மறுபக்கம் தொங்குவதையும், அதனால் மோட்டார் தூக்குவது மிச்சமுள்ள கனத்தை மட்டுமே என்பதையும் பதிலெழுத்தர் வாயைப் பிளந்துகொண்டு கேட்டார்.

"இந்த பிரேக்கைப் பாருங்கண்ணே. கரண்ட் போனா பிரேக் விட்டுடும்னு எல்லாரும் நினைக்கிறாங்க. அப்படி இல்ல. ஸ்பிரிங்தான் பிடிக்குது. கரண்ட் வந்தாத்தான் விடும். பிடிக்கிறதுக்கு எதுவும் வேண்டாம்ணே, விடறதுக்குத்தான் சக்தி வேணும்."

அன்றிலிருந்து ஏழு மாதம், ஞாயிற்றுக்கிழமை தவறாமல் அவர் மெக்கானிக்கோடு கட்டடம் கட்டடமாக ஏறி இறங்கினார். கிரீஸ் படிந்த கையோடு வீடு திரும்பும்போது சீட்டியடித்தார். அவருக்குச் சீட்டியடிக்கத் தெரியும் என்பதே ஏழாம் வகுப்புப் படிக்கும் மகளுக்கு அப்போதுதான் தெரிந்தது. ஒருநாள் மெக்கானிக், "அண்ணே, எனக்கு ஒரு ஆள் வேணும். இந்த மாசக் கடைசி வரைக்கும் இடத்தைப் பிடிச்சு வைக்கிறேன். லைசென்ஸ் ஆபீஸ்ல உங்க கம்பெனியோட விடுவிப்புச் சான்று மட்டும்தான் கேப்பாங்க" என்றான்.

மருந்துக் கடையில் பில் போடும் மனைவியிடம் சொன்னார்.

"சம்பளம் கம்மிதானே?"

"கம்மிதான்."

"சீட்டியடிக்கிறதை நிறுத்திட மாட்டீங்களே?"

"மாட்டேன்."

"அப்ப போங்க."

அவருடைய வாழ்க்கையில் ஒரு மனு ஒரே நாளில் அனுமதிக்கப்பட்டது அந்த ஒரு தடவைதான்.

முன்பெல்லாம் வேலையை விடுவதற்கு ஒரு வரி எழுதிக் கொடுத்தால் போதும். இப்போது அப்படியில்லை. இயக்குநர் மூன்று நாள் கருத்தரங்கு ஒன்றுக்குப் போய்வந்திருந்தார். மனதுக்குப் பிடித்த வேலைக்கு மாறுகிறவர்கள் ஐந்து உணர்ச்சிகளைக் கடக்க வேண்டியிருக்கிறது, அப்போது அவர்களுக்குத் துணை தேவைப்படுகிறது என்று அங்கே சொல்லியிருக்கிறார்கள். திரும்பி வந்த வாரமே நான்காம் மாடியில் 'பணிமாற்ற மனத்துணைப் பிரிவு' திறக்கப்பட்டது. ஐந்து கவுண்டர்: பயம், துக்கம், கோபம், நம்பிக்கை, நிறைவு. ஒவ்வொன்றிலும் முத்திரை வாங்கினால்தான் விடுவிப்பு. வாசலில் பெரிய பலகை: 'பறக்க நினைப்பவரை நாங்கள் பிடித்துக்கொள்கிறோம்.'

பயம் கவுண்டரில் ஓர் அம்மையார் கனிவே உருவாக உட்கார்ந்திருந்தார்.

"பயமா இருக்கா, சார்?"

"இல்லைங்க மேடம். சந்தோஷமாத்தான் இருக்கு."

அவர் பேனாவைக் கீழே வைத்தார். "அப்ப நீங்க இன்னும் தயாராகலை. பயம் வராம பயத்தைக் கடக்க முடியாது. பரவாயில்லை, நாங்க எதுக்கு இருக்கோம்? பொண்ணு இருக்கா?"

"இருக்கு. ஏழாவது படிக்குது."

"அந்தப் புது வேலை ஆறு மாசத்துல போயிடுச்சுன்னு வைங்க. ஃபீஸ் கட்டலைன்னு பொண்ணை வெளிய நிக்க வைக்கிறாங்க. மழை பெய்யுது. நினைச்சுப் பாருங்க."

"ஏன் மேடம் மழை?"

"மழை பெய்யலைன்னா நாடித்துடிப்பு ஏற மாட்டேங்குது சார். எங்க அனுபவம்."

மணிக்கட்டில் ஒரு பட்டையைக் கட்டினார்கள். நூறைத் தாண்ட வேண்டும். அவருக்கு எழுபத்திரண்டு. மறுநாளும் எழுபத்திரண்டு. மூன்றாம் நாள் லிப்ட் ஓடவில்லை. நான்கு மாடி படியேறி மூச்சிரைக்க வந்து நின்றார். நூற்றுப் பதினெட்டு. "பாத்தீங்களா, உள்ளுக்குள்ள எவ்வளவு பயம் வச்சிருந்திருக்கீங்க!" என்று அம்மையார் கண்கலங்கி முத்திரை குத்தினார்.

துக்கம் கவுண்டர் கொஞ்சம் கறாரானது. அங்கே மையொற்றும் தாள் ஒன்றைக் கொடுப்பார்கள். அதில் ஐந்து சொட்டுக் கண்ணீர் விழ வேண்டும். கண்ணீரின் ஓரம் எப்படிப் பரவுகிறது என்பதை வைத்து அது உண்மையானதா என்று விளக்கடியில் பார்ப்பார்கள். ஆறாம் மாடியிலிருந்து அவருடைய நாற்காலியையே கொண்டுவந்து எதிரில் போட்டு, "பேசுங்க அதுகிட்ட" என்றார் அந்த அதிகாரி. பதிலெழுத்தர் நாற்காலியைப் பார்த்தார். அதன் வலது கை ஆடுவது ஞாபகம் வந்தது. அழுகை வரவில்லை.

"போன வாரம் ஒருத்தர் வெங்காயத்தோட வந்தார். மோந்து பாத்துத் திருப்பி அனுப்பிட்டேன்" என்று எச்சரித்துவிட்டு, அதிகாரி ஒரு கோப்பைத் திறந்தார். "நீங்க அனுப்பின பதில் மொத்தம் அறுபத்தோராயிரம். அதுல நானூத்திப் பன்னெண்டு கவர் திரும்பி வந்திருக்கு. விலாசதாரர் இறந்துட்டார்னு. ஒரு பெரியவர், மீட்டர்ல ஷாக் அடிக்குதுன்னு எழுதியிருக்கார். நீங்க 'கிடைக்கப்பெற்றது'ன்னு போட்டிருக்கீங்க. மறுபடி எழுதினார். 'பரிசீலனையில் உள்ளது.' அந்தக் கவர் திரும்பி வந்திருச்சு. அந்த வாசகம் உங்களுதாமே? நல்லா இருக்கு."

ஐந்து சொட்டு போதும் என்று இரண்டு தடவை சொல்ல வேண்டியிருந்தது. தாள் முழுக்க நனைந்துவிட்டது. அதிகாரி அதை விளக்கடியில் பிடித்துப் பார்த்து, பக்கத்து மேசைக்காரரைக் கூப்பிட்டார். "இங்க வாங்களேன். ஓரத்தைப் பாருங்க, எவ்வளவு வட்டமா! பயிற்சி வகுப்புக்கு இதை வச்சுக்கலாம்."

"சார், அந்தப் பெரியவர் வீட்ல யாராவது..."

"அது வேற பிரிவு. அடுத்த கவுண்டர் இடதுபக்கம்."

கோபம் கவுண்டரில் ஒரு சிக்கல். அதிகாரி மேல் கோபப்பட்டால் ஒழுங்கு நடவடிக்கை. கோபப்படாவிட்டால் முத்திரை இல்லை. நிறுவனம் இதற்கு ஒரு வழி கண்டிருந்தது. செவ்வாய்க்கிழமை மூன்று மணிக்கு ஓர் அறையைத் திறந்துவிடுவார்கள். உள்ளே ஒரு தலையணை. அதில் அடிக்கலாம். ஆனால் தலையணை நிறுவனச் சொத்து என்பதால் தையல் பிரிந்தால் விளக்கம் கேட்பார்கள். அந்தப் பெரியவரை நினைத்துக்கொண்டு பதிலெழுத்தர் தன் தொடையிலேயே குத்திக்கொண்டார். "சொந்தச் சொத்து. நல்ல ஏற்பாடு" என்று கோபம் கவுண்டர் ஊழியர் பதிவுசெய்துகொண்டார்.

நம்பிக்கை கவுண்டரில் இயக்குநரே பேசுவார். அன்று பதினொரு பேர் உட்கார்ந்திருந்தார்கள்.

"நண்பர்களே, நானும் உங்களைப் போலத்தான். சின்ன வயசுல குழந்தைகளுக்கு நீச்சல் சொல்லிக்கொடுக்கணும்னு எனக்கு அவ்வளவு ஆசை. தண்ணியைப் பாத்தாலே மனசு துள்ளும். ஆனா அந்த ஆசையை நான் சும்மா விட்டுடலை. முறைப்படி அணுகினேன். படிவம் தயாரிச்சேன். குழு போட்டேன். இருபத்தாறு வருஷமா அந்த ஆசை என் மேஜையிலயே இருக்கு. ஒருநாளும் தொலைஞ்சதில்ல. பிரிவு திறந்து எட்டு மாசம் ஆச்சு. முன்னூறு பேர் உள்ள வந்திருக்காங்க. ஒருத்தர்கூட வெளிய போகலை. இதைவிட ஒரு நம்பிக்கை வேணுமா?"

பதினொரு பேரும் கைதட்டினார்கள். தட்டியதற்குத்தான் முத்திரை.

மாதம் முடிய இன்னும் ஒன்பது நாள். மிச்சம் நிறைவு கவுண்டர் மட்டும். அங்கே ஒரே ஒரு படிவம். 'கோரும் பொருள்' என்ற இடத்தில் தனக்கு வேண்டியதைக் கட்டங்களுக்குள் எழுத வேண்டும். பதிலெழுத்தருக்கு வேண்டியது பணியில் நிறைவு. எழுதத் தொடங்கினார். ஆறு கட்டங்கள்தான் இருந்தன.

ஆறு ஏன் என்றால், மீட்டர் எண் ஆறு இலக்கம். அச்சகத்தில் மீட்டர் படிவத்தின் அச்சு சும்மா கிடந்தது. புதிதாக ஒன்று செய்வானேன் என்று அதிலேயே அடித்துவிட்டார்கள்.

நிறைவு கவுண்டரில் இருந்தவர் படிவத்தை வாங்கி விரல் விட்டு எண்ணினார். "ப, ணி, யி, ல். நாலு. ஒரு கட்டம் இடைவெளி. நி, றை, வு. மொத்தம் எட்டு. ரெண்டு எழுத்து வெளிய நிக்குது சார்."

"ஓரத்துல எழுதிக்கட்டுமா?"

"ஓரம் மிஷின் கண்ணுக்குத் தெரியாது." அவர் யோசித்தார். முகம் மலர்ந்தது. "இந்த 'யில்'லை எடுத்துருவோம். 'பணி நிறைவு'. கச்சிதமா ஆறு கட்டம். சும்மா ஒரு வேற்றுமை உருபு, சார். அது இல்லாமலும் புரியும்."

பத்தொன்பது வருடம் வார்த்தைகளோடு புழங்கியவருக்கு அந்த இடத்தில் உறைத்திருக்க வேண்டும். உறைத்தது. 'பணி நிறைவு' என்றால் வயதாகி ஓய்வு பெறுவது என்று சொல்ல வாயெடுத்தார். ஆனால் ஒன்பது நாள்தான் இருந்தது. முத்திரை காற்றில் உயர்ந்திருந்தது. வாயை மூடிக்கொண்டார். முத்திரை இறங்கியது.

மறுநாளே அவருக்குப் பிரிவுபசார விழா நடந்தது. எல்லாரும் இவ்வளவு அன்பு காட்டுவார்கள் என்று அவர் எதிர்பார்க்கவில்லை. மேலாளர் எழுதிவைத்திருந்ததைப் படித்தார்: "தள்ளாத வயதிலும் தளராமல் உழைத்த பெரியவர், இனிப் பேரக்குழந்தைகளோடு..." பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர்கள் தலையாட்டினார்கள். ஒரு சுவர்க்கடிகாரம் கொடுத்தார்கள். மேடையிலிருந்து இறங்க இரண்டு பேர் ஆளுக்கொரு கையைத் தாங்கிப் பிடித்தார்கள். கிண்டல் செய்கிறார்கள் என்று நினைத்து அவர் சிரித்தார். வேறு யாரும் சிரிக்கவில்லை.

விடுவிப்புச் சான்றை எடுத்துக்கொண்டு மெக்கானிக்கோடு லைசென்ஸ் ஆபீசுக்குப் போனார். அங்கிருந்தவர் சான்றைப் பார்த்தார், அவரைப் பார்த்தார், மறுபடி சான்றைப் பார்த்தார்.

"ஐயா, நாப்பத்தஞ்சு வயசுக்கு மேல லைசென்ஸ் கிடையாது. உங்களுக்கு அறுபது ஆகுதே."

"அறுபதா? நாப்பத்தொண்ணுங்க!"

"நல்லா உடம்பை வச்சிருக்கீங்க. ஆனா சான்றுல அறுபதுதான் இருக்கு."

ஓடினார். இரண்டாம் மாடியில் பதிவேட்டு அறை. அங்கிருந்தவர் ரொம்பப் பொறுமையானவர். உட்காரவைத்து, தண்ணீர் கொடுத்து விளக்கினார்.

"இதுல தப்பு எதுவும் நடக்கலை, ஐயா. உங்க கோப்புல ரெண்டு விவரம் ஒத்துப்போகலை. பணி நிறைவுன்னு இருக்கு, வயசு நாப்பத்தொண்ணுன்னு இருக்கு. பணி நிறைவு அறுபதுலதானே? ரெண்டுல ஒண்ணைத் திருத்தணும். பணி நிறைவைத் திருத்தணும்னா ஏழு கையெழுத்து வேணும். வயசைத் திருத்த ஒரே கையெழுத்து. என்னுது. போட்டுட்டேன்."

"எங்கம்மாவுக்கே அறுபத்தஞ்சு வயசுதாங்க! அஞ்சு வயசுலயா என்னைப் பெத்தாங்க?"

"அது அவங்க பதிவு. அவங்க வந்து மனுப் போடட்டும், அதையும் திருத்திடலாம்."

"நான் என்னதான் பண்றது?"

"எழுத்துமூலமா ஒரு புகார் கொடுங்க." பதிவேட்டுக்காரர் விரலை மேலே காட்டினார். "ஆறாம் மாடி."

ஆறாம் மாடியில் அவருடைய நாற்காலி காலியாக இருந்தது. துக்கம் கவுண்டரிலிருந்து திரும்பி வந்திருந்தது. புகாரை எழுதி மேசையில் வைத்தார். அதற்குப் பதில் எழுத ஆள் இல்லை. அங்கே இருந்த ஒரே ஆளை ஓய்வில் அனுப்பிவிட்டார்களே. பக்கத்துப் பிரிவுக்காரர் இரக்கப்பட்டு, அச்சடித்த தாளில் ஒன்றை எடுத்து நீட்டினார். 'தங்கள் கடிதம் கிடைக்கப்பெற்றது.'

மாதம் முடிந்தது. மெக்கானிக் போனில் பேசினான். "அண்ணே, ரெண்டு நாள் கூடுதலாவே காத்திருந்து பாத்தேன். வேற ஒருத்தனைப் போட்டுட்டேன். அவன் எதையும் எப்படின்னு கேக்க மாட்டேங்கிறான். திருகுன்னா திருகுறான். மனசே இல்லண்ணே." பதிலெழுத்தர், "பரவாயில்ல தம்பி" என்றார். "அந்த தெற்குக் கட்டடத்துல பிரேக் ஸ்பிரிங் கொஞ்சம் தளர்ந்திருக்கு, பாத்துக்கோ" என்றும் சொன்னார். போனை வைத்தபிறகு அவர் சீட்டியடிக்கவில்லை. அதற்குப் பிறகும் இல்லை.

நிறுவனம் அவரைக் கைவிட்டுவிட்டது என்று யாரும் சொல்ல முடியாது. பணி நிறைவு பெற்றவரின் காலியிடத்தை அவர் குடும்பத்தில் ஒருவருக்குத் தர விதி இருக்கிறது. மனைவிக்கு அழைப்பு வந்தது. வீட்டில் வேறு வழியும் இல்லை. "நான் உள்ள இருந்தா உங்க மனுவையும் கவனிச்சுக்கலாம்" என்று சொல்லிவிட்டுத்தான் அவள் போனாள். சொன்னது மனதாரத்தான்.

முதல் வாரம் களைத்து வந்தாள். இரண்டாம் வாரம் களைப்பில்லை. மூன்றாம் வாரம் வாசற்படியில் அவள் செருப்பைக் கழற்றும்போது ஒரு சத்தம் கேட்டு மகள் எட்டிப் பார்த்தாள். அம்மா சீட்டியடித்துக்கொண்டிருந்தாள்.

"என்னங்க, சொன்னா நம்ப மாட்டீங்க" என்றாள், சாப்பிட உட்கார்ந்ததும். "மருந்துக் கடையில பதிமூணு வருஷம். மருந்து இருக்கான்னு ஒருத்தன் மூச்சு வாங்கிக்கிட்டு வந்து நிப்பான். இருக்குன்னாவது சொல்லணும், இல்லைன்னாவது சொல்லணும். ராத்தூக்கம் வராது எனக்கு. இங்க ரெண்டுமே சொல்ல வேண்டாம்! என்ன நிம்மதி! எனக்குன்னே செஞ்ச வேலைங்க இது."

"என் மனு என்ன ஆச்சு?"

அவள் தட்டைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். "ரெண்டாவது தடவை எழுதிப் போடுங்க. முறைன்னு ஒண்ணு இருக்குல்ல? நான் பாட்டுக்கு உங்களுதை எடுத்து முன்னால வச்சா, நாளைக்கு என்னைக் கேப்பாங்க."

எழுதிப் போட்டார். அதற்குள் இன்னொன்றும் நடந்தது. அவருடைய முதல் புகாரை யாரோ படித்திருக்கிறார்கள். ஆறு கட்டம் போதாது என்று அதில் கண்டிருந்த குறையை நிறுவனம் மிகத் தீவிரமாக எடுத்துக்கொண்டது. புதிதாக அச்சு செய்து, படிவத்தில் எட்டுக் கட்டங்கள் போட்டார்கள். பழைய விண்ணப்பங்களுக்கு இது பொருந்தாது என்று அடியில் ஒரு வரி சேர்த்தார்கள். எட்டுக் கட்டப் படிவத்தை முதலில் நிரப்பியது அவருடைய மனைவி. மருந்துக் கடையிலிருந்து வேலை மாறி வந்தவள் என்பதால் அவளும் கவுண்டர்களுக்குப் போய், ஐந்து உணர்ச்சிகளையும் ஒரே மத்தியானத்தில் கடந்து, 'பணியில் நிறைவு' என்று முழுதாகச் சான்று வாங்கிய முதல் ஆள். பிரிவின் வாசல் பலகையில் இப்போது அவள் படம் இருக்கிறது. பக்கத்தில் நின்று இயக்குநர் சிரிக்கிறார்.

இரண்டாம் பதில் தபாலில் வந்தது. ஒரே வீடுதான், கையில் கொண்டுவந்திருக்கலாம். ஆனால் அப்படிச் செய்தால் அனுப்புகைப் பதிவேட்டில் ஏறாது. அவர் கவரைப் பிரித்து வைத்துக்கொண்டு, பிரிவுபசாரத்தில் கொடுத்த கடிகாரத்தின் கீழே உட்கார்ந்திருந்தார். மூலையில் அவளுடைய சின்னக் கையெழுத்து.

மனைவி தலையைத் துவட்டிக்கொண்டே வந்து எட்டிப் பார்த்தாள்.

"வந்துடுச்சா? முதல் தடவை நானே டைப் அடிச்சது. எழுத்து எதுவும் விட்டுப்போகலையே? பாத்துச் சொல்லுங்க, உங்களுக்குத்தான் அது தெரியும்."

அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, எழுத்தெழுத்தாக விரல் வைத்துப் பார்த்தார். 'தங்கள் கோரிக்கை பரிசீலனையில் உள்ளது.'

"விடலை" என்றார். "'யில்' இருக்கு."